மழைப் பகுதிக்கு ஒரு ரிலீவர்

சமூகக் கூடத்து இரும்பு அலமாரியை நேற்று திறந்தார்கள். பாச்சை உருண்டை வாசத்தோடு கோரஸின் பச்சைச் சேலைகள் வெளியே வந்தன. என்னுடையதைத் தேட வேண்டியிருக்கவில்லை. இடது தோளில் நீ அப்பிய நிலக்கரிக் கறை அப்படியே இருக்கிறது. அன்று அலசி அலசிப் பார்த்தும் போகாதது இனி எங்கே போகப்போகிறது?

அந்தப் பெரிய பாட்டை மறுபடியும் பாடப்போகிறோம். விதை, வெயில், மழை, விளைச்சல் என்று அதே நான்கு பகுதிகள். வெளியூர் வயலின்களும் செல்லோக்களும் ஒரு பக்கம். நம் தவில், நாகசுரம், பள்ளி பேண்டின் பெரிய டிரம் மறுபக்கம். பின்னால் படிகளில் டவுன்ஷிப்பின் எல்லா பிளாக்கிலிருந்தும் வந்து நின்ற நாம். உயிரோடு இருப்பதற்கு இவ்வளவு சத்தமாக மகிழலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பலாச்சுளையைப் பாடும் வரி வந்தாலே "எச்சி ஊறுது சார்" என்பாய். பாட்டு நடத்த வெளியூரிலிருந்து வந்த மாஸ்டர் குச்சியால் தட்டுவார்.

ஷிப்டு ஊரில் கோரஸ் நடத்துவது அவருக்குப் புதிது. ஒரு வாரம் பாடியவர்கள் மறுவாரம் மைன்சில் இருப்பார்கள். "ஆண்குரல் எல்லாம் எங்கம்மா?" என்று அவர் தவித்தபோது, "நைட் ஷிப்டு முடிச்சிட்டுத் தூங்கிக்கினு இருக்குங்க சார்" என்றாய்.

நான் உன் பக்கத்தில் ஒளிந்து பாடினேன். எனக்குப் பாட்டும் மனசுக்குள் புத்தகம் படிப்பதைப் போலத்தான். அடுத்தவருக்குக் கேட்கக் கூடாது. மழைப் பகுதியில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, ஒரே ஒரு பெண்குரல் வார்த்தையில்லாமல் மேலே எழும்ப வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் கோரஸ் வரிசை வரிசையாகத் தூறும். அந்தக் குரல் உன்னுடையது. அது எழாவிட்டால் மழையே இல்லை.

நிகழ்ச்சியன்று மாலை, மேடைக்குப் பின்னால் என் போன் அடித்தது. மைன்சில் கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட்டைக் கவனிக்கும் கண்ட்ரோல் ரூமிலிருந்து நீ. அடுத்த ஷிப்டு ஆள் வந்து உட்காரும்வரை அந்த சீட்டை விட்டு எழக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

"ரிலீவர் இன்னும் வரலடி. அவரு சம்சாரத்துக்கு வலி எடுத்துடுச்சாம், ஆஸ்பத்திரில நிக்கிறாரு. வேற ஆளு தேடிக்கினு இருக்காங்க."

"அப்போ மழை?"

"நீ பாடு."

"நானா? எனக்குக் குரலே வராது."

"பொய் சொல்லாத. பக்கத்துல நிக்கிறவளுக்குத் தெரியாதா? இன்னிக்கு நீதான் என் ரிலீவர். பெல்ட்டு ஓடிக்கினு இருக்கு, எல்லாம் நார்மல். எடுத்துக்க."

ஷிப்டு மாற்றும்போது சொல்வதைச் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் குரலை நான் கேட்டதே இல்லையேம்மா."

"நானும்தான் சார்" என்றேன்.

வாத்தியங்கள் ஓய்ந்தன. முதல் சுரம் நடுங்கியது. ஓடுகிற பெல்ட்டை நிறுத்தாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். குரல் ஏறியது. இன்னும் ஏறியது. பின்வரிசைப் பெண்கள் தூறினார்கள், ஆண்கள் இடித்தார்கள், தவில் கொட்டித் தீர்த்தது. முன்வரிசையில் யாரோ ஒருவர் நிஜமாகவே அண்ணாந்து பார்த்தார்.

விளைச்சல் பகுதியில் சேஃப்டி ஷூ தடதடக்கப் படியேறி வந்தாய். மாற்று ஆள் கிடைத்ததும் பெல்ட் ஓரமாகவே ஓடி வந்திருக்கிறாய். யூனிஃபார்ம் முழுக்கக் கரி. என்னை இடித்துக்கொண்டு நின்று காதில் சொன்னாய்:

"பொண்ணு பொறந்திருக்காம்டி!"

"யாருக்கு?"

"என் ரிலீவருக்கு!"

சிரித்ததில் எனக்கு ஒரு வரி முழுதாகப் போயிற்று. உனக்குப் போகவில்லை. பலாச்சுளையை நீ பாடிய சத்தம் குறிஞ்சிப்பாடி வரை கேட்டிருக்கும். முடிந்ததும் கட்டிப்பிடித்தாய். கறை அப்போது ஒட்டியதுதான்.

போன ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. நான் வெகுநாள் எதையும் முணுமுணுக்கக்கூட இல்லை.

நேற்று மாஸ்டர், "மழை யாரு?" என்று கேட்டார். யாரும் தள்ளிவிடாமலே கை தூக்கினேன். நான் ஒளிந்து நின்ற இடத்தில் இப்போது ஒரு புதுப்பெண் நிற்கிறாள். யாருக்கும் கேட்காமல் அழகாகப் பாடுகிறாள். பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாதா? அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என் ஷிப்டு முடியட்டும்.

பெல்ட்டு ஓடிக்கினு இருக்குடி. எல்லாம் நார்மல்.