அசையாமல் நின்ற யானை

என் சட்டையில் இன்னும் யானை வாசம் அடிக்கிறது. ஈரச் சாணமும் கசக்கிய இலையும் கலந்த அந்த நாற்றம் உனக்கும் தெரியும். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். சதீஷின் பைக் சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

காந்தலூரில் யானை இறங்கினால் ஊரை எச்சரிக்க வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடுவதுதான் எனக்கிருந்த ஒரே வேலை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன தருவார்கள்? மலை ரோட்டு வளைவுக்கு மேலே என் வீடு; மொட்டை மாடியில் நின்றால் ரோடு தெரியும். விடியும் முன்பே பால் கேனோடு கிளம்புகிற நீ, குழுவைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டர் சாவியைத் திருப்புவாய்.

பிறகுதான் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் சதீஷ், தன் செய்திப் பக்கத்தில் ஏஐ யானைகளை இறக்கினான். டீ குடிக்கிற யானை. ஜீப்பை உருட்டுகிற யானை. நம் வளைவிலேயே ஸ்கூட்டரைத் தூக்கிச் சுற்றுகிற யானை. ஊரே கடைசி வரை பார்த்தது. பார்க்கப் பார்க்க, போன் அதையே கொண்டுவந்து நீட்டியது. பனியில் மங்கலாகத் தெரியும் என் யானையை யாரும் திறக்கவில்லை.

"உன் ஆனை அசையாம நிக்குதுடா பாலிடெக்னிக். அவன் ஆனை டான்ஸ் ஆடுது. எதைப் பாப்பாங்க?" என்றாய். நானும் சிரித்தேன்.

அந்த விடிகாலையில் கொம்பன் யானை வளைவில் நின்றது. பனி விலக, துதிக்கையை மெல்லத் தூக்கியது. எடுத்து அனுப்பினேன். உன் குரல் பதிலாக வந்தது: "டேய், நீயும் சதீஷ் கடையில வேலைக்குச் சேந்துட்டியா? ஆனை சூப்பரா இருக்கு. பால் திரிஞ்சிரும், நான் வாரேன்." கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மாடியிலிருந்து கத்தினேன். ஸ்கூட்டர் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. கேன் உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று மாலையே சதீஷ் உன்னை வைத்து ஒரு படம் செய்து போட்டான். உனக்குச் சிறகு, நீ கட்டவே கட்டாத பட்டுச்சேலை, முன்னால் மண்டியிட்டு அழுகிற யானை. அவன் போட்டதிலேயே அதிகம் ஓடியது அதுதான். உன் அம்மா அதற்குப் பிரேம் போட்டு மாலை சாத்தியிருக்கிறார். "இது எப்ப எடுத்தது தம்பி? எங்கிட்ட அவ காட்டவே இல்லையே" என்று கேட்டார். தெரியாது என்றேன். வெளியே வந்தபோது சதீஷைக் கொல்லத்தான் தோன்றியது.

அவன் வேலையை அவனுக்கே காட்டினேன். அவன் கடை ஷட்டரை யானை பிய்ப்பது போல ஒரு வீடியோ செய்து குழுவில் போட்டேன். ஒரு கன்னத்தில் ஷேவிங் நுரையோடு பஜாருக்கு ஓடிவந்தான். ஊர் சிரித்தது. எனக்குப் போதவில்லை.

இன்று காலை அதே கொம்பன், அதே வளைவில். குழுவில் போட்டேன். "உன் சினிமாவ நிறுத்துடா" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். தட்டி எச்சரிக்க ஒரு தகர டப்பாவோடு இறங்கிப்போய் வளைவுக்கு முன்னால் ரோட்டில் நின்றேன். முதலில் வந்தது சதீஷ்.

"ஆனை நிக்குது."

"உன் ஆனைய நானும் பாத்தேன். ஷட்டர் பிச்சுச்சே, அதுதான? தள்ளு."

பைக் உறுமியது. நான் நகர்ந்தால் போதும். வீடியோ போட்டிருக்கிறேன், நம்பாதது அவன் பாடு. என் கால் ஓரத்துக்குப் போகவும் செய்தது. அப்போதுதான் தோன்றியது: இவன் செத்தால் இவனுக்கும் எவனாவது சிறகு வைப்பான். எட்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

"டேய்!" என்று கை ஓங்கினான். வளைவுக்கு அப்பால் கிளை முறிந்தது. வாசம் வந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவனை இழுத்துக்கொண்டு என் வீட்டுப் படிக்கட்டில் ஏறி ஒட்டிக்கொண்டேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் யானை எங்களைக் கடந்து போனது. ஆடவில்லை. அழவில்லை.

"உசுரக் காப்பாத்திட்டப்பா" என்று சதீஷ் கும்பிட்டான்.

"கும்பிடாத. நீ எனக்கு உசுரோட வேணும்."

உன் குரலை முழுச் சத்தத்தில் போட்டேன். நீ சிரித்தபடி அவன் பெயரைச் சொல்கிற இடத்தில் காதைப் பொத்தினான். கையை இழுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

சாவி கேட்டான். "அந்தப் படம் நீ பண்ணுனதுன்னு அவ அம்மாட்ட நீயே போய்ச் சொல்லு. அப்புறம் தாரேன்."

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனான். இன்னும் சொல்லவில்லை. சொல்லும்வரை, தினமும் அவன் கடை திறக்கிற நேரத்தில் உன் குரல் அங்கே கேட்கும். அந்தப் பிரேமில் வைக்க என்னிடம் உன் படம் ஒன்று இருக்கிறது. கேனைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டுகிறாய், முகம் பாதி கலங்கியிருக்கிறது.

சாவி பாக்கெட்டில். உன் குரல் போனில். இரண்டில் ஒன்றைத்தான் அவனிடம் திருப்பிக் கொடுப்பேன்.