வேற வீட்டு ரத்தம்

தம்பி,

இன்று காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. நீ சீராகக் கொண்டுவந்த அரக்குப் பட்டு அடியில் கிடக்கிறது. மடிப்புக்கு ஒரு உருண்டையாக வைத்திருக்கிறார் என் மாமியார். அந்த உருண்டை என் மகனுக்கு ஆகாது, வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று மதுரை டாக்டரம்மா சொன்னதை இவரிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். இன்றும் கேட்டேன். "ஒரு உருண்டையில உம் மகன் கரைஞ்சா போயிருவான்?" என்கிறார். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துத் தெருக்கோடிச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையை விட்டு வாடை போகவில்லை. அருவருப்பாக இருந்தது. உருண்டை மேல் மட்டும் வந்த அருவருப்பில்லை அது.

பட்டுக்காகப் பெட்டியைத் திறந்த காரணத்தையும் சொல்கிறேன். உன் மருமகள் பெரியவளாகிவிட்டாள். அடுத்த வாரம் சடங்கு. அதற்குத் தாய்மாமன் வேண்டுமாம், அவன் கையால் ஓலைக் குச்சுக் கட்ட வேண்டுமாம், சீர் வர வேண்டுமாம். "தாய்மாமன் இல்லாத சடங்கா? ஊரு சிரிக்கும்ல" என்று என் மாமனார் நேற்று முழுக்கப் புலம்பினார். திருவாதவூரிலிருந்து நம் ஒன்றுவிட்ட தம்பி எவனையாவது பிடித்து வந்து, கையில் தாம்பாளத்தைக் கொடுத்து நிறுத்திவிடலாம் என்று யோசனை நடக்கிறது. உன்னை "வேற வீடு" என்று சொன்ன அதே வாய் இன்று மாமன் மாமன் என்று தவிக்கிறது.

மகனுக்குக் காது குத்திய நாளை நினைத்துப் பார்க்கிறேன். பேரையூர் வெயிலில் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, சீர்த்தட்டுகளோடு நீ வந்து இறங்கினாய். வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவனுக்கு எங்கிருந்து அத்தனை தட்டு வந்ததோ தெரியாது. உன்னைப் பார்த்து என் மாமனாரே சிரித்துவிட்டார். நீ என் காதில், "உங்க மாமனாரு சிரிச்சா பல்லு சுளுக்கிக்கிராதாக்கா?" என்றாய். பிறகு பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தாய். ஆசாரி ஊசியை எடுத்ததுமே அவன் உன் புது வேட்டியில் மூத்திரம் பெய்துவிட்டான். "மருமகனே, மாமன் வேட்டிதேன் ஒனக்குக் கெடச்சுச்சா?" என்றாய். சபையே சிரித்தது. ஈரவேட்டியோடுதான் பந்தியிலும் உட்கார்ந்தாய். அன்று உன்னை யாரும் வேற வீடு என்று சொல்லவில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் உனக்கு அந்தக் குளிர்காய்ச்சல் வந்தது. தெப்பக்குளத்தில் தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது, நீ கடையிலேயே படுத்துத் தூங்குவாய், கொசுவுக்குக் கேட்கவா வேண்டும். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். முதலில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அது திரும்ப வராமல் இருக்க என்று, அடுத்துச் சின்னதாகச் செங்கல் நிறத்தில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் உன் மூத்திரம் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் கண் மஞ்சளாகியது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா பதறிப்போய்க் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். மஞ்சள்காமாலை என்றால் நம் பக்கம் வேறு என்ன செய்வார்கள்?

நான் தகவல் கேட்டு ஓடிவந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் இந்தத் தாளும் நாறும். உன் கண்ணிமையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனார். முழங்கை வரை கழுவினார். விரல் விரலாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "என்ன பச்சிலை குடிச்ச?" என்று கேட்டார். அம்மா உண்மையைச் சொன்னாள். அவ்வளவுதான், வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"உங்க ஆளுகளே இப்படித்தான். நாங்க மருந்து குடுப்போம், நீங்க வீட்ல போயி வேரையும் தழையையும் அரைச்சுக் குடிப்பீங்க. அப்புறம் எங்க தலையில கொண்டாந்து போடுவீங்க."

"கருப்பாப் போனது முந்தின நாளே சார். தழை குடிச்சது அதுக்கு அப்புறம்" என்றாய் நீ. குரலே எழும்பவில்லை உனக்கு. அவர் உன்னைப் பார்க்கவில்லை, நர்ஸைப் பார்த்து, "மாத்திரையை நிறுத்தாம குடுங்க, கண் முன்னாடி முழுங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ முழுங்கினாய். தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் செங்கல்லு மாத்திரைதேங்க்கா. நான் வேற எதையும் தொடல" என்றாய். மறுநாள் நீ இல்லை. நாட்டு மருந்து தின்று செத்தான் என்று ஊரும் சொன்னது, நம் உறவும் சொன்னது. அம்மா சாகும்வரை தன் கையால் உன்னைக் கொன்றுவிட்டதாக நம்பினாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு தாயை அப்படி நம்ப வைத்துவிட்டு அந்த ஆள் அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

அம்மா சாகக்கிடந்தபோது நான் திருவாதவூரில் இருந்தேன். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. காரியமெல்லாம் முடித்துப் பேரையூருக்குத் திரும்பி வந்தால், பிள்ளை கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடக்கிறான். நான் இல்லாத நேரத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது. வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வரும் மலேரியாக்காரர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "அம்மா, ஒண்ணுக்குக் கருப்பாப் போகுதும்மா" என்றான். தலைமாட்டில் காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். மிச்சம் இருந்தது செங்கல் நிற மாத்திரை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். மாமனாரும் பின்னாலேயே வந்தார். அங்கே இருந்தவர் வேறு டாக்டர், வயது குறைவு. அவரும் இமையைத் தூக்கிப் பார்த்தார். வாயைத் திறந்தார் பார், அதே கேள்வி. "என்ன பச்சிலை குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. இந்த மாத்திரைதேன்" என்று பொட்டலத்தை நீட்டினேன். இது ஊருக்கெல்லாம் கொடுக்கிற மாத்திரை, இதனால் ஒன்றும் வராது என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல யாருக்காவது முன்னாடி இப்படி ஆயிருக்கா?" என்று கேட்டார். கேட்டது என் மாமனாரை. நான் பொம்பளை, பின்னால் நிற்கிறேன்.

மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வம்சத்துலயே கெடையாது சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. அதுதான் கொடுமை. அவருக்குக் குடும்பம் என்றால் அவர், அவருடைய அண்ணன் தம்பிகள், அவர்கள் பெற்ற ஆண்பிள்ளைகள், பங்காளிகள். அத்தனை பேரையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நீ அந்த எண்ணிக்கையில் வரவே இல்லை. டாக்டரும் தலையை ஆட்டிவிட்டு, மாத்திரையைத் தொடரச் சொல்லிச் சீட்டு எழுதக் குனிந்தார்.

அதுவரை மாமனார் எதிரில் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று என் வாயில் வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

"மாமா, இவன் யாரு மடியில உக்காந்து காது குத்துனான்?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"சொல்லுங்க. யாரு மடியில?"

"ஒந்தம்பி மடியில. அவரு வேற வீடு. டாக்டரு நம்ம குடும்பத்தையில்ல கேக்குறாரு."

"சீர் வாங்கும்போது வேற வீடு இல்ல. ரத்தம் கேட்டா மட்டும் வேற வீடா?" என்றேன். டாக்டர் பக்கம் திரும்பினேன். "இவன் தாய்மாமனுக்கு இதே மாத்திரை குடுத்தாக. இதே மாதிரி கருப்பாப் போச்சு. நிறுத்தாதீங்கன்னாக. செத்துட்டான்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். உனக்கு என்ன ஆனது என்று அவர் கேட்டார். நீ போன இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. மாத்திரையை அப்போதே நிறுத்தி, மதுரைக்கு எழுதிக் கொடுத்து, ஜீப்பிலேயே ஏற்றிவிட்டார்.

மதுரையில் ரத்தம் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தான். டாக்டரம்மா ஒருத்தர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். ரத்தத்தைக் காப்பாற்றுகிற ஒரு பொருள் இவனுக்குப் பிறவியிலேயே குறைவாம். சில மாத்திரையோ, பாச்சை உருண்டை மாதிரிச் சில பொருளோ பட்டால் ரத்தம் உடைந்து மூத்திரத்தில் போய்விடுமாம். "இது அம்மா வழியா வர்றது. பெரும்பாலும் பொம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஆம்பளப் பிள்ளைங்களைத்தான் அடிக்கும். உங்க தம்பிக்கும் இதுதான் இருந்திருக்கணும்" என்றார். உங்கள் அம்மாவிடமிருந்துதான் உங்களுக்கு வந்திருக்கும் என்றும் சொன்னார். அப்போது அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழாநெல்லி இல்லைம்மா, கீழாநெல்லி இல்லை என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து யாரிடம் சொல்லி அழுவது?

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறாயா? ரத்தம் கொடுத்தது என் வீட்டுக்காரர். ஊருக்கு வந்ததும் மாமியார், "எங்க ரத்தம்தேன் பிள்ளையக் காப்பாத்துச்சு. அவ வீட்டு ரத்தம் கெட்ட ரத்தம்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார். உன் பட்டை உடுத்திக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற அம்மாள்தான் இதைச் சொன்னது. சுகாதார நிலையத்துக்காரர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். அடுத்த தடவை மலேரியாக்காரர் வந்தபோது எங்கள் தெருவுக்கே அந்த மாத்திரை இல்லை என்றார். "ஒங்க ஆளுகளுக்கே ரத்தம் சரியில்லையாம்க்கா. எதுக்கு வம்பு?" என்றார். அடுத்த வீட்டுப் பெண் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து எலும்பாகிப் போனாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அவளுக்கு அந்த மாத்திரை வேண்டியதுதான். டாக்டரம்மா எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: சில ஊரில், சில கூட்டத்தில் இது கூடுதலாக இருக்கும், ஆனால் யாருக்கு இருக்கிறது என்பதை ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இவர்கள் தெருவைப் பார்த்துச் சொல்கிறார்கள். முதலில் எல்லாருக்கும் ஒரே ரத்தம் என்று உன்னைக் கொன்றார்கள். இப்போது எங்கள் எல்லாருக்கும் ஒரே ரத்தம் என்று மருந்தையே நிறுத்துகிறார்கள். தூ என்று துப்பத் தோன்றுகிறது.

பட்டை உதறி வெயிலில் போட்டிருக்கிறேன். வாடை போக இரண்டு மூன்று நாளாவது ஆகும். சடங்குக்கு உன் இடத்தில் எவனையும் நிறுத்த நான் சம்மதிக்கவில்லை. "அப்ப மாமன் சீருக்கு எங்க போறது?" என்று கேட்டார் மாமியார். அவன் ஏற்கெனவே செய்துவிட்டான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீ செத்த விதம் எனக்குத் தெரிந்திருந்ததால்தான் என் பிள்ளை இன்று கொல்லையில் பம்பரம் விட்டுக்கொண்டிருக்கிறான். அப்படி ஒரு சீரை எந்த அக்காவும் தம்பியிடம் கேட்க மாட்டாள்.

நம் அம்மாவிடமிருந்து வந்தது என்னிடம் இருக்கிறது. மகளுக்கும் போயிருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நாளைக்கு அவளும் ஒரு வீட்டில் மருமகளாகப் பின்னால்தான் நிற்பாள். முன்னால் நிற்கிற எவனாவது எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்பான். அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறான், எனக்கு நீ இருந்த மாதிரி.

சற்று முன்னால் அவளை உள்ளிருந்து கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தேன். என்ன நடந்தது என்று முழுக்கச் சொன்னேன். பிறகு நானே டாக்டர் மாதிரிக் கேட்டேன். "ஒங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி ஆயிருக்கா?"

"எங்க மாமாவுக்கு. எந்தம்பிக்கு" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

"சத்தமாச் சொல்லு" என்றேன்.