பதினொரு மதிப்பெண்

ஜூன் 30, திங்கள்

ஆசிரியர் அறையில் பிரேம்குமார் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். ‘வடிவமைத்தவர் யார்?’ என்று அட்டை. பன்னிரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டோடு எங்களுக்கு இதே சண்டைதான். அவர் வேதியியல், நான் விலங்கியல்.

“கண்ணை மட்டும் எடுத்துக்கோங்க சார். இம்புட்டு நேர்த்தியா ஒண்ணு தானா வருமா?”

தானாக வரவில்லை, கோடிக்கணக்கான வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்று ஆயிரமாவது தடவையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திருத்தினேன். முதல் பக்கத்திலிருந்தே சிவப்பு மையில் ‘ஆதாரம்?’, ‘ஆதாரம்?’. கடைசியில் நூற்றுக்குப் பதினொன்று போட்டேன். என் மனைவி விஜி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

போன மாதம் அவருக்கு எங்கள் வீட்டு வெள்ளை நாய்க்குட்டி ஒன்று கொடுத்திருந்தேன். சிம்சோன் என்று பேர் வைத்திருக்கிறார். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். ராஜபாளையம் நாய் சார் அது, கண்டவன் குரலுக்கெல்லாம் வாலாட்டாது, கர்வம் பிடித்தது என்றேன். அப்பா அப்படித்தான் சொல்வார். தாத்தாவும்.

ஜூலை 4, வெள்ளி

பரிணாமம் பாடம் ஆரம்பித்தேன். யோகேஸ்வரி எழுந்து, “மீன், ஆமை, பன்றின்னு வர்ற தசாவதாரமும் பரிணாமம்தானே சார்?” என்றாள். அது கதைம்மா, இது அறிவியல் என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேனோ?

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிச் செயலாளர் கூப்பிட்டார். என்மேல் புகார்க் கடிதம். கையில் தரவில்லை, எழுதியது யார் என்றும் சொல்லவில்லை. ஒரு வரி மட்டும் வாசித்தார்: ‘படைத்தவனைப் பழிக்கிறார்.’ 18ஆம் தேதி விசாரணை. அதுவரை அந்தப் பாடத்தைத் தொடக்கூடாது. நிரூபணமானால் பன்னிரண்டாம் வகுப்பு வேறொருவருக்குப் போகும்.

இருபத்திரண்டு வருடமாக நடத்துகிற வகுப்பு! எனக்கு அதைத் தவிர வேறென்ன தெரியும்?

படைத்தவன். இந்த வார்த்தையை எங்கள் ஆசிரியர் அறையில் யார் சொல்வார்கள்? ஒருத்தர்தான்.

ஜூலை 9, புதன்

இன்று பிரேம்குமார் எனக்கு மீன் வறுவல் நீட்டவில்லை. மறந்துவிட்டாராம். பன்னிரண்டு வருடத்தில் இன்றுதான் மறந்ததா?

ஜூலை 11, வெள்ளி

பிரேம்குமார் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “சார், சிம்சோனுக்குப் பின்னால நின்னு சில்வர் தட்டைத் தட்டிப் பாத்தேன். திரும்பலை. செவிடுன்னு நினைக்கேன். உங்க வீட்டு நாய்களையும் கொஞ்சம் சோதிச்சுப் பாருங்க.”

எப்படி இருக்கிறது கதை! முதலில் என் பாடம், இப்போது என் நாய். மூன்று தலைமுறையாக வளர்க்கிற குடும்பத்துக்கு நாயைப் பற்றி இவர் சொல்லித் தருகிறார். பேசும்போது என் முகத்தையே பார்க்கவில்லை. குற்றமுள்ள மனுஷன் அப்படித்தான் இருப்பான்.

ஜூலை 14, திங்கள்

செய்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தைச் செயலாளர் மேசைமேல் வைத்து, “ஒரு பையன் டெஸ்க்கில் கிடந்தது. பிரேம்குமார்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார் போல” என்றேன். பொய்தான். அவன் மட்டும் முதுகுக்குப் பின்னால் எழுதலாமா? பதிலுக்குப் பதில், அவ்வளவுதான். ஆனால் படி இறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஏன்?

ஜூலை 18, வெள்ளி

விசாரணை. சக ஆசிரியர் சாட்சி என்று பிரேம்குமாரைத்தான் முதலில் அழைத்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“புத்தகத்துல இருக்கதத்தான் நடத்துதார் சார். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது, அது வேற. ஆனா அவிய மாதிரி நடத்த இங்க இன்னொரு ஆள் கிடையாது. வகுப்பை எடுத்துராதீங்க.”

அப்புறம் உள்ளே வந்தவர் தனுஷ்கோடி. யோகேஸ்வரியின் அப்பா, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருப்பவர். “நாந்தான் கையெழுத்துப் போட்டு எழுதுனேன். எம்மக அழுதுக்கிட்டே வந்தா. சாமிய நம்புறது தப்பில்லை, ஆனா பிள்ளைய வச்சுச் சிரிக்கலாமா?”

மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு என்னிடமே இருக்கும் என்றார்கள்.

எழுந்தபோது செயலாளர், “பிரேம்குமார் நீங்க இருங்க, உங்க விஷயம் வேற இருக்கு” என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்?

ஜூலை 21, திங்கள்

அவரை நிர்வாகத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ‘வீட்டுக்குப் பக்கம்தானே’ என்றார்களாம். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தவருக்கு அங்கே ஆறாம் வகுப்பு.

விஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெலுங்கில் திட்டினாள். எங்கள் வீட்டில் சண்டை தமிழில்தான் நடக்கும். தெலுங்குக்கு மாறினால் நிஜமான கோபம்.

ஜூலை 24, வியாழன்

காலையில் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். நான்கு நாய்கள். ஒவ்வொன்றாகப் பின்னால் போய்த் தட்டினேன். இரண்டு துள்ளித் திரும்பின. சிம்சோனின் தாயும் பெரிய வெள்ளை நாயும் திரும்பவில்லை. தாய் நாய்க்கு எட்டு வயது. எட்டு வருடமாகக் கர்வம் என்று சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

புள்ளி விழுந்த குட்டிகளை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவோம். பால்வெள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு அதிலேயே இனம் சேர்ப்போம். வெள்ளையோடு செவிடும் சேர்ந்து வந்திருக்கிறது. வடிவமைத்தவர் யார் என்று என்னைக் கேட்டால் எங்கள் குடும்பத்தைக் கைகாட்டலாம். இருபத்திரண்டு வருடமாகப் மரபியலும் இயற்கைத் தேர்வும் பாடம் நடத்துகிற வாத்தியார் ஒரு தட்டைத் தட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். சிம்சோன் முற்றத்து மூலையில் படுத்திருந்தது. பிரேம்குமார் காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். எழுந்து ஓடி வந்தது.

“அதிர்வு தெரியுதுல்ல சார், வந்துருது.”

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாய்க்கு என்ன போடுகிறீர்கள், தடுப்பூசி ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“பதினொன்னு கொஞ்சம் கம்மிதான் சார்.”

என் சிவப்பு மை! நான் திருத்திய விடைத்தாள்களில் என் கையெழுத்தைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிற மனுஷன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“விசாரணைக்கு மொத நாளே செயலாளர் காட்டிட்டாரு. மாத்துன அன்னைக்குக் கையிலயே குடுத்துட்டாரு.”

தெரிந்துகொண்டுதான் எனக்காகப் பேசியிருக்கிறார். செயலாளரிடம் சொல்லவில்லையா, இது என்னுடைய பேனா என்று?

“சொல்லலை. நீங்களே சொல்லுவியன்னு நினைச்சேன்.” முதல் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். “இந்தா, ஆதாரம்னு எழுதியிருக்கியள்ல. இத எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்.”

அழுதேன். ஐம்பத்து நாலு வயதில் அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று நானும் தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். சிம்சோன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று முதல் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ஆறாம் வகுப்பு. பிரேம்குமார் ராஜபாளையம் பள்ளிக்கே திரும்புகிறார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கினேன், அவர் ஏற நின்றார். என் டிபன் பாக்ஸை வாங்கி மூடியைத் திறந்து, தன்னுடையதிலிருந்து இரண்டு துண்டு மீன் வறுவலை எடுத்து வைத்தார். பஸ் ஏறிவிட்டார்.

ஏன் வைத்தார் என்று நான் யோசிக்கவில்லை. மதியம் சாப்பிட்டேன்.