பூசை போட்ட வண்டி

மாசி, ஞாயிறு இரவு.

முக்கூடல் மைதானத்தில், இன்ஜின் வைத்து ஆட்களை ஏற்றிப் பறக்கும் பாராசூட் வண்டியை ஓட்ட இன்று ஸ்டெல்லா அக்கா வந்தார். கூட்டம் சேரும் முன் என்னை ஒருமுறை மேலே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, அவ வீட்டுக்குத் தூரமான்னு கேட்டுட்டு வா. பூசை போட்ட வண்டி.”

சவாரிக்கு வரிசையில் நின்றவர்கள் முன்னால் குனிந்தபடியே அக்காவிடம் கேட்டேன்.

“ஆமா அண்ணாச்சி, இன்னைக்குத்தான். அதுக்காவ வண்டி பறக்காதா?” என்று அக்கா அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்.

“ஸ்கூட்டியிலயே காலைத் தொங்கவிட்டுத்தான் போவாளுவ. மேலயும் அப்படித்தான் வே!” என்றார் வரிசையில் ஒருவர். பெண்களும் சிரித்தார்கள்.

“அஞ்சு நாள் கழிச்சு வாம்மா” என்றார் அண்ணாச்சி. போன வாரம் வண்டியை வாழைத்தோட்டத்தில் இறக்கிய முருகன்தான் இன்றும் ஓட்டினான். அன்றைக்குக் காற்று சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

“நம்ம பிள்ளையப் பாரு, வாயே தொறக்காது” என்று அண்ணாச்சி எல்லோரிடமும் என்னைப் புகழ்ந்தார்.

எனக்கும் தூரம்தான், இன்று இரண்டாம் நாள். பாராசூட்டை விரித்ததும் மடித்ததும் நான்தான். சாயங்காலம் வரை வண்டி நன்றாகவே பறந்தது. என்னிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு கிடைத்த ஒரே வேலை. போய்விடுமே என்று நானும் சொல்லவில்லை. அக்கா இனி வரமாட்டார். என்னை மேலே கூட்டிப்போகவும் ஆள் இல்லை.