இமைமயிர்கூடத் தெரிந்தது

அன்புள்ள நெட்டைக்கு,

கப்பலில் நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதக் கை கூசுகிறது. உனக்கு போன் கிடைக்கும் துறைமுகம் வந்ததும் வேறு யாராவது உன் காதில் போட்டுவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன். உன் அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடுதான் இல்லை.

ரயில் பாதையோர வீடுகளைச் செவ்வாய்க்கிழமை இடித்துவிட்டார்கள். புதுப் பாலத்துக்கு இறங்குவழி வேண்டுமாம். கார்கள் காத்து நிற்கக் கூடாதாம். அதற்காக மனுஷர்கள் நடுத்தெருவில் நிற்கலாமாம். நீ போன பிறகு அம்மா அந்தப் பக்கம் குடிமாறியது எனக்குத் தெரியும். ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. ‘அம்மாவப் பாத்துக்கடா’ என்று நீ சொன்னபோது, ‘நீ கவலைய விடு’ என்று மார்தட்டியவன் நான்.

இடித்த அன்று நான் அங்கேதான் இருந்தேன்.

எங்கள் பத்திரிகையில் கேமராக்களை மாற்றுகிறார்கள். இருக்கிற கம்பெனியிலேயே தொடர்வதா, போட்டிக் கம்பெனிக்குத் தாவுவதா என்று ஆபீஸில் ஓயாத சண்டை. ஒருவன் லென்ஸ் இன்னொருவன் கேமராவில் மாட்டாது. தாவினால் குடும்பத்தோடு தாவ வேண்டும், பிறகு விவாகரத்து கிடையாது. அதனால் இரண்டு கம்பெனியின் எழுபது-இருநூறு ஜூமையும் கேமராவோடு இரவல் வாங்கி, ஒப்பிட்டுப் பார்க்க என் தோளுக்கு ஒன்றாக மாட்டிவிட்டார்கள். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸ் அது. ‘வெயில், தூசி, ஓட்டம் எல்லாம் இருக்குற எடமாப் பாத்து எடுத்துட்டு வா’ என்றார் படப்பிரிவுத் தலைவர். மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன.

பாலத்தின் மேல் நின்றேன். கீழே இறங்கவில்லை. இறங்கத் தேவையில்லாமல் செய்வதுதானே அந்த லென்ஸின் பெருமை. இடிக்கிற இயந்திரத்தையும் தெருவையும் சேர்த்து அகலமாக எடுக்க நினைத்து ஜூம் வளையத்தைத் திருப்பினேன். போட்டிக் கம்பெனிக்காரனின் வளையம் எதிர்ப்பக்கம் சுற்றும். கை பழைய பழக்கத்தில் போனது. தெரு விரிவதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் முகம் வந்து சட்டத்தை அடைத்துக்கொண்டது. மூக்கையும் வாயையும் துணியால் பொத்தியிருந்தார். நெற்றி முழுக்கச் சுவர்த்தூசி, கண்ணுக்குக் கீழே கண்ணீர்க் கோடு. பார்வை நேராக என் மேல். எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே முகம் மற்ற லென்ஸிலும் வேண்டுமே! அழுகை நிற்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அடுத்த கேமராவுக்குக் கை பறந்தது. இதைத்தான் எழுத முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

ஆபீஸில் பெரிய திரையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டோம். ஒரு கண் மட்டும் திரை முழுக்க. ‘இதுல இமைமயிர எண்ணலாம், அதுல மாவாக் கொழம்பிருக்கு’ என்றான் ஒருவன். ‘ஓரத்தப் பாருடா, ஓரத்துலதான் லென்ஸோட குட்டு ஒடயும்’ என்றான் இன்னொருவன். ‘கண்ணுக்குள்ள பாலம் தெரியுதுய்யா! நேரா நம்மளயே பாக்குறா பாரு. இதையே வாங்கிரலாம்’ என்றார் தலைவர். கை தட்டினார்கள். நானும் இளித்தேன்.

பக்கம் கட்டும் மேசைக்கு அனுப்புவதற்காகப் படங்களைச் சிறிதாக்கினேன். தபால்தலை அளவுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அது உன் அம்மா. நம் இருவருக்கும் சோறு போட்ட முகம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ‘மொதப் பக்கம்டா, ஒம் பேரோட’ என்றார் தலைவர். மூடிக்கொண்டேன். படத்தின் கீழே என் பெயர் வந்தது. அம்மாவின் பெயர் ‘வீடிழந்த பெண்’ என்று வந்தது.

மறுநாள் தேடிப் போனேன். எல்லோரையும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அடைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். ‘வாடா ஒத்தக்கண்ணா’ என்றார். நான் ஒரு கண்ணை மூடிப் படம் எடுப்பதால் அவர் வைத்த அதே பெயர். ‘நேத்து ஒன்னயப் பாலத்து மேல பாத்தேன். கூப்பிடத்தான் நெனச்சேன். நீ வேலயா இருந்த. எதுக்கு எடஞ்சல்னு விட்டுட்டேன்’ என்றார். பிறகு, ‘படம் நல்லா வந்துச்சா?’ என்று கேட்டார்.

நல்லா வந்தது என்றேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். செய்துகொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்கு வாருங்கள் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். ‘இத்தன பேரு இங்க கெடக்கும்போது நா மட்டும் எங்கடா வர்றது’ என்கிறார். முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். நீ சொன்னால் ஒருவேளை வருவார்.

புது லென்ஸ் ஆபீஸுக்கு வந்துவிட்டது. நான் இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. வேலை வேண்டுமென்றால் நாளைக்குப் பிரிக்கத்தான் வேண்டும்.

கரை வந்ததும் முதலில் அம்மாவிடம் பேசு. பிறகு என்னைக் கூப்பிட்டு வாயில் வந்தபடி திட்டு. அவரைப் போல, எதற்கு இடைஞ்சல் என்று கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதேடா.

தலைகுனிந்து,
ஒத்தக்கண்ணன்