புரியாணி ஆடிய ஆட்டம்

நீராவிப்பிட்டி,
முல்லைத்தீவு.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அர்ஷாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா சுகம், தங்கச்சி ஷிபா சுகம், கடை சுகம், கோழிகளும் சுகம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் சுகம், என் இரண்டு முழங்கால்களைத் தவிர. அவற்றுக்கு என்ன நடந்தது என்று பின்னால் எழுதுகிறேன். இப்போதே சொன்னால் நீ சிரித்துவிட்டு மிச்சத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய்.

உங்கள் றக்பி முகாமில் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் தருகிறார்கள். அந்தக் கொஞ்சத்தையும் உம்மாவும் ஷிபாவும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மிஞ்சுவது, "வாப்பா, ஃபோனைத் தரச் சொல்றாங்க, வைக்கிறன்" என்பது மட்டும்தான். உங்களைப் பழக்குகிற நிரஞ்சன் மாஸ்டர் நாளைக்குக் கொழும்புக்கு ஒரு கூட்டத்துக்குப் போகிறார். இதை உன் கையிலேயே தருவதாகச் சொன்னார். நான் எழுத்தில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது நம் கடைப் பலகையைப் படித்த எல்லோருக்கும் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. கடைக்குப் பின்னால் கட்டாக்காலி மாடுகளின் தொல்லைதான். பக்கத்து வளவு பாஹிம் நானா தன் மிளகாய்ச் செடிக்கு வேலி போட்டார். மாடு வேலியையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை உம்மா எனக்கு அப்படியே ஒப்பித்தா. ஓட்டச் சோதனையில் பாதியில் நின்றுவிட்டாயாம். வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இன்னொரு தடவை வைக்கிறார்களாம். அதிலும் நின்றுவிட்டால் இலங்கை அணித் தெரிவில் உன் பெயர் இல்லையாம். "அதுக்கு முதலே பையைக் கட்டிக்கொண்டு வந்திடுறன் உம்மா, ஓடித் தோத்த பேர் எனக்கு வேணாம்" என்றாயாம். அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு சொன்னாயே, "வாப்பா எப்பவும் சொல்றது சரிதானே, மூட்டை தூக்கின உடம்புக்கு ஓட்டம் எதுக்கு" என்று, அதுதான் எனக்குக் குத்தியது.

உம்மா ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவ ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொல்வது இரண்டாம் தடவை போட்ட சோற்றை.

ஓம் மகன், நான் சொன்னதுதான். புத்தளத்தில் இருந்த காலத்தில் உப்பு மூட்டை தூக்கித் தூக்கி வந்த உடம்பு இது. அந்தக் கர்வத்தில்தான் நீங்கள் மைதானத்தைச் சுற்றி ஓடும்போதெல்லாம் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்னடாப்பா, தின்ற சோத்தை வீணா எரிக்கிறீங்க, என்ர கடைக்கு வாங்கோ, அரிசி மூட்டை இருக்கு" என்று பகிடி விட்டேன். நிரஞ்சன் மாஸ்டர் ஒருநாளும் கோபிக்கவில்லை. "நானா, இது கபடி இல்லை, றக்பி லீக்" என்று மட்டும் சொல்வார். எனக்கு இரண்டும் ஒன்றுதான், ஒன்றில் ஒரு பந்து கூடுதல்.

நீ போன பிறகு நம் ஆட்கள் வவுனியா அணியுடன் இங்கே நம் மைதானத்தில் விளையாடினார்கள் அல்லவா? கொஞ்சத்தில் தோற்றுவிட்டார்கள் என்று உம்மா உனக்குச் சொன்னா. அந்தக் கொஞ்சத்தின் கதையை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டிருந்தேன். இப்போது நானே சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாஸ்டர் கடைக்கு வந்து, "நானா, நாளைக்குப் பொடியளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் காணும், வேற ஒண்டும் வேண்டாம், நேரத்தோட குடுத்திடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. விளையாட வந்த பிள்ளைகளை வாழைப்பழம் கொடுத்து அனுப்பிய பெயர் நம் குடும்பத்துக்கு உண்டா? ஆட்டிறைச்சிப் புரியாணி ஆக்கினேன். இனிப்புக்கு வட்டிலப்பமும் வைத்தேன். மாஸ்டர் நடுவரைக் கூட்டி வர பஸ் நிலையத்துக்குப் போன நேரம் பார்த்து, நம் வீட்டு முற்றத்தில் பாயை விரித்தேன்.

மாற்று ஆட்களோடு சேர்த்துப் பதினேழு பேர். ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்றால் மூன்றாவது சஹனில் ஒரு இடம் காலி. ஆகவே நானும் இருந்தேன். சஹனின் ஒழுங்கு உனக்குத் தெரியும். ஒரே தட்டில் ஆறு கை. மற்றவன் சாப்பிட்டுக்கொண்டிருக்க ஒருவன் கையை எடுத்து எழும்பினால் மரியாதை இல்லை. கிருசாந்தன், பாவம், இரண்டு தடவை எழும்பப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன், இருந்துவிட்டான். வீட்டுக்காரன் முதலில் எழும்பக் கூடாது என்று நானும் தின்றுகொண்டே இருந்தேன். நான் எழும்பாததால் அவர்களும் எழும்பவில்லை. இப்படியே எல்லோரும் மரியாதையாகத் தின்றோம். மாஸ்டர் திரும்பி வந்தபோது சஹனில் எலும்பு மட்டும்தான் இருந்தது. அவர் சஹனைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வவுனியாப் பொடியன்கள் மைதானத்து மரத்தின் கீழே இருந்து பையிலிருந்து ஆளுக்கொரு வாழைப்பழம் எடுத்துத் தின்றார்கள். பாவம், வசதியில்லாத அணி என்று நினைத்தேன். சத்தமாகச் சொல்லியும் விட்டேன்.

முதல் பாதியைப் பார்த்திருக்க வேண்டுமே! கிருசாந்தன் மூன்று பேரை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு போய்க் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை வைத்தான். பன்னிரண்டுக்குப் பூச்சியம். நான் கதிரையில் ஏறி நின்று, "பாத்தீங்களா, புரியாணி ஓடுது" என்று கத்தினேன்.

இரண்டாம் பாதியில் புரியாணி படுத்துவிட்டது.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன், ஆனால் எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருவனைப் பிடித்து விழுத்தினால் வேலை முடியவில்லை. உடனே எழும்பிப் பத்து மீற்றர் பின்னால் ஓட வேண்டும். அவன் பந்தைக் காலால் உருட்டியதும் திரும்ப முன்னால் ஓடி வந்து பிடிக்க வேண்டும். திரும்பப் பின்னால். திரும்ப முன்னால். ஆறு தடவை. பாஹிம் நானா மிளகாய்த் தோட்டத்தில் மாட்டை விரட்டிவிட்டு வந்து இருக்க, மாடு திரும்ப வருமே, அதே கதை. நான் உப்பு மூட்டை தூக்கினேன்தான். ஆனால் ஒரு மூட்டையும் என்னைத் திருப்பித் தள்ளியதில்லை. லொறி நிரம்பிப் போனால் அடுத்த லொறி வரும்வரை நிழலில் படுத்திருப்போம். அந்த நிழலை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நம் ஆட்கள் எல்லோரும் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். கிருசாந்தன் விழுந்த இடத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "என்னை இதிலயே விடுங்கோடா, நீங்க விளையாடுங்கோ" என்றானாம். வவுனியாவில் ஈர்க்கு மாதிரி ஒரு பொடியன். ஊதினால் பறந்துவிடுவான். அவன் முதல் நிமிசம் எப்படி ஓடினானோ கடைசி நிமிசமும் அப்படியே ஓடினான். தனியாக மூன்று ட்ரை. பன்னிரண்டுக்கு இருபத்தெட்டு என்று முடிந்தது.

அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவ ராஜினி என்று ஒரு பிள்ளை. ஆட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "ஐயா, எங்கட அணியில நல்லா விளையாடினது நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனா. சிரிக்கவுமில்லை. உம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

மாஸ்டர் என்னை ஏசியிருந்தால் ஏசிவிட்டார் என்று விட்டிருப்பேன். அவர் தோளில் கையைப் போட்டு, "நானா, நாளைக்கு விடியச் சுபஹுத் தொழுகை முடிஞ்சு மைதானத்துக்கு ஒருக்கா வாங்கோ" என்றார். போனேன். இரண்டு கோட்டைக் காட்டினார். ஃபோனில் சத்தம் வரும், அது வருமுன் மற்றக் கோட்டைத் தொட வேண்டும் என்றார். நீ பாதியில் நின்ற அதே சோதனைதான். முதலில் நடக்கலாம் போல இருந்தது. "இதுக்கா இவ்வளவு கதை" என்று கேட்டேன். அதன் பிறகு கேட்க மூச்சு இருக்கவில்லை. சத்தம் வந்தது, நான் வரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்து ஒரு கோட்டிலும் நான் மற்றக் கோட்டிலும் நின்றோம். உள்ளே உன் பழைய காற்சட்டை போட்டுக்கொண்டு போனது உம்மாவின் புத்தி. அல்லாஹ் அவவுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது தண்ணீர்ப் போத்தலோடு வந்து நின்றது யார்? கிருசாந்தன். "என்ன நானா, சஹன்ல இருந்து எழும்ப மனமில்லையோ?" என்று கேட்டான்.

அன்று தொடங்கியது. இப்போது தினமும் காலையில் நம் ஆட்களோடு நானும் ஓடுகிறேன். அவர்கள் மைதானத்தின் அந்தத் தலைக்குப் போய்த் திரும்பி வரும்போது நான் போய்க்கொண்டிருப்பேன், ஆகவே ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் சந்திக்கலாம். ஷிபா ஃபோனைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, கோட்டைத் தொடேல்ல, திரும்பப் போங்க" என்று ஊருக்கே கேட்கக் கத்துகிறாள். உன்னிடம் காட்டாத கண்டிப்பெல்லாம் என்னிடம் காட்டுகிறாள். முழங்கால் கதை இதுதான். ஆனால் மகன், கிளினிக்கில் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கிறது என்றார்கள். முன்பு ஒரு மூட்டை இறக்கினால் மூச்சு வாங்கும். இப்போது கதைத்துக்கொண்டே இறக்குகிறேன். உம்மாவுக்கு அந்தக் கதைதான் தாங்க முடியவில்லையாம்.

போன சனிக்கிழமை வவுனியாவுக்குப் போய்த் திரும்ப விளையாடினோம். என் கையாலேயே வாழைப்பழம் கொடுத்தேன். புரியாணிச் சட்டியையும் கொண்டுதான் போனேன், ஆனால் வாசம் வராத தூரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி மாஸ்டர் உத்தரவு. பாதி நேரத்தில் ஆறுக்குப் பதினாறு என்று பின்னால் நின்றோம். நம் ஆட்களில் எவரும் கையை முழங்காலில் வைக்கவில்லை. கடைசிப் பத்து நிமிசத்தில் அந்த ஈர்க்குப் பொடியன் முதல் தடவையாகக் குனிந்து நின்றான். கிருசாந்தன் அவனைத் தாண்டி இரண்டு தடவை ஓடி ட்ரை வைத்தான். பதினெட்டுக்குப் பதினாறு! நான் கதிரையில் ஏறவில்லை, முழங்கால் விடவில்லை. அதன் பிறகு இரண்டு அணியையும் கலந்து சஹனில் இருத்தினேன். ஈர்க்குப் பொடியன் என் சஹனில்தான் இருந்தான். யா அல்லாஹ், அவன் தின்ற தீனி! அவன் சாப்பிடாதவன் இல்லை மகன், நேரம் பார்த்துச் சாப்பிடுகிறவன்.

உன் உடம்பில் பலம் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது என் கடை மூட்டை தந்த பலம். மூச்சு வேறு சாமான். அதை நான் உனக்குக் கொடுக்கவில்லை, என்னிடம் இருக்கவுமில்லை. அங்கே இருக்கிறவர்கள் தருகிறார்கள், வாங்கிக்கொள். ஓடித் தோற்ற பெயர் வேண்டாம் என்றாயே, சாரம் அவிழத் தோற்ற பெயரோடு நான் தினமும் கடை திறக்கிறேன். சனங்கள் சாமான் வாங்கத்தான் செய்கிறார்கள்.

வீட்டைப் பற்றி யோசிக்காதே. உன் கட்டிலை ஷிபா எடுத்துக்கொண்டாள், இனித் தர மாட்டாளாம். உம்மா இன்னும் உன் பங்கு மீனையும் சேர்த்துத்தான் பொரிக்கிறா. ஒவ்வொரு நாளும் அதைத் தட்டில் வைத்து மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பா. பிறகு நான்தான் சாப்பிடுகிறேன், வீணாக்கக் கூடாது என்பதற்காக. மாலையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் நான் கடை வாசலுக்கு வருவது காற்று வாங்குவதற்கு. பாஹிம் நானா வேறு ஏதாவது சொன்னால் நம்பாதே.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போவேன். ஷிபாவிடம் சொல்லிவிட்டேன். நீ அங்கே கோட்டில் நிற்கிற நேரம் நான் இங்கே கோட்டில் நிற்பேன். நீ எப்போது நிறுத்தினாய் என்று எனக்கு இங்கே தெரிய வராது. அதனால் உன் செய்தி வரும்வரை நானும் நிற்கப் போவதில்லை. ஓட முடியாவிட்டால் நடப்பேன், நடக்க முடியாவிட்டால் ஷிபா இழுத்துக்கொண்டு போவாள்.

அல்லாஹ் உன் நெஞ்சை விரித்துத் தருவானாக. கால்களுக்கு உறுதியைத் தருவானாக. ஒன்றே ஒன்று கேட்கிறேன் மகன். வெள்ளிக்கிழமை வாப்பாவின் முழங்காலை நினைத்து இரக்கப்பட்டு நேரத்தோடு நின்றுவிடாதே.

உன் வாப்பா,
கச்சு முகம்மது