வாசிக்காமல் கொடுத்த ஒப்புதல்

14 ஜூன் 2021, திங்கள்

எழுந்ததும் பல் கூடத் துலக்கவில்லை, கம்ப்யூட்டரைத்தான் திறந்தேன். என்னோடு வேலை பார்க்கும் யூஜின் எழுதிய புரோகிராம் எனக்காகக் காத்திருந்தது. எங்கள் டீமில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே போகும். செங் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றின் கேட்டில் யாரை உள்ளே விடலாம், யாருக்குக் கொரோனா தொற்று என்று காட்டும் புரோகிராம். நானூறு வரி. வாசிக்கத் தொடங்கும் முன்னே யூஜினிடமிருந்து போன்.

"அக்கா, டாருராட், எமர்ஜென்சி டைம்லா. கஸ்டமர் கத்துறான். அமுக்கிடுங்க, நான் பாத்துட்டேன்."

எழுதியவனே பார்த்துவிட்டானாம். ஒப்புதல் பொத்தானை அமுக்கினேன்.

15 ஜூன்

அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மரியசெல்வியைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரையில் அவள் பெயர் சிவப்பு. இப்படி முப்பது பேர். சோதனை முடிவு வராதவர்களையெல்லாம் தொற்று உள்ளவர்களாகக் காட்டியிருக்கிறது. பிழை நூற்றுப்பன்னிரண்டாவது வரியில். வாசித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

16 ஜூன்

மீட்டிங். எப்படி நடந்தது என்று மேலாளர் காளிதாஸ் கேட்டார். "சரோஜினி அக்காதான் செக் பண்ணாங்க சார்," என்றான் யூஜின்.

பொய்யில்லை. அதுதான் எரிகிறது. அமுக்கிடுங்கன்னு சொன்னது நீதானேடா என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். டாருராட்டாம். அவசரகாலம் போட்டது அரசாங்கம். வாசிக்காதே என்று அது சொல்லவில்லை.

தொழிற்சாலைக்கு 'நெட்வொர்க் கோளாறு' என்று எழுதிவிடலாம், இல்லையென்றால் கஸ்டமர் கைவிட்டுப் போய்விடுவான் என்றார் காளிதாஸ். எல்லோரும் தலையாட்டினோம். நானும்.

17 ஜூன்

அந்த வரியைத் திருத்தினேன்.

18 ஜூன்

மரியசெல்வியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தொற்றை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாளாம். தொற்று இல்லை என்ற சோதனைத் தாளைக் காட்டியும் சூப்பர்வைசர் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சும்மா காட்டுமா என்றானாம்.

மாஸ்க்கோடு வேலியருகே வந்து நின்றாள். "அக்கா, நீங்க கம்ப்யூட்டர் வேலதானே. அது பொய் சொல்லுமா?"

பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சீ.

20 ஜூன், ஞாயிறு

ஒப்புதல் பக்கத்தை அச்செடுத்தேன். யூஜின் பெயர், அந்த வரி, என் பெயர். நான் திறந்ததற்கும் அமுக்கியதற்கும் நடுவே நான்கு நிமிடம். நானூறு வரியை அதற்குள் யாரும் வாசிக்க முடியாது.

கீழே என்ன பிழை என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் விஷயத்தை வெளியே கொடுத்தால் வேலை போகும் என்ற தாளிலும், சேர்ந்த அன்று, இதே கையெழுத்துதான்.

நாளை காலை மரியசெல்வி மறுபடி கேட்டுக்குப் போய் வேலையைத் திரும்பக் கேட்கப்போகிறாளாம். ஆறு மணிக்கு பஸ். ஐந்தரைக்கே இந்தத் தாளை அவளிடம் கொடுக்க வேலியருகே நிற்பேன்.